வலது பக்க அலமாரி

பிற்பகல் 2.10. பாய்களை இறக்கியதும் அதுவரை சாய்ந்தே ஓடிய பாய்மரப் படகு 'தேர்னா' நிமிர்ந்தது. கிழக்கே ஸ்டாட் முனை தெரிந்தது.

சில்யே கேபினுக்குள் இறங்கி வலது பக்க அலமாரியைத் திறந்தாள். முன்வரிசையில் எட்டு நீலப் பீங்கான் குவளைகள், காலையில் கழுவி அடுக்கியபடியே இருந்தன. பின்னால் இருக்க வேண்டிய மரப்பெட்டி மட்டும் இல்லை.

"அம்மா! அப்பாவைக் காணோம்!"

பெட்டியில் இருந்தது சிக்பியோர்னின் சாம்பல். ஜனவரியில் போய்விட்டார். ஸ்டாட் முனைக்கு வெளியே தன்னைத் தூவ வேண்டும் என்பது அவர் ஆசை. அரசாங்க அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

படகில் நாலு பேர். மனைவி தோருன், மகள் சில்யே, மகன் ஹோவார்ட், நண்பர் குட்முண்ட். குட்முண்ட் முப்பது வருடம் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"கடைசியா எப்போ பார்த்தோம்?" என்றார் குட்முண்ட்.

"காலையில, மோலோய் துறைமுகத்துல கயிறு அவிழ்க்குறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. நீங்களும்தான் பார்த்தீங்க மாமா."

சொல்லிவிட்டு சில்யே தம்பி ஹோவார்ட் பக்கம் திரும்பினாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்லோவுக்குப் போனவன் அவன். பத்து வருடம் பேசவில்லை. இறுதிச் சடங்குக்கும் வரவில்லை.

"எங்கடா வச்ச?"

"அக்கா..."

"அக்கான்னு கூப்பிடாத. அவரு செத்தும் உன் கோபம் தீரலையா?"

ஹோவார்ட் அம்மாவை ஒரு தடவை பார்த்தான். தோருன் படுக்கையில் உட்கார்ந்து, உள்ளே நுழைந்து தூங்கும் தூக்கப்பையைச் சுருட்டி, அதன்மேல் கை வைத்திருந்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றான்.

"எப்போ?" என்றார் குட்முண்ட்.

"பத்து மணிக்கு. காபி பிளாஸ்க் எடுக்க இறங்கினேனே, அப்போ. கடல்ல போட்டுட்டேன்."

"சரி. கரையேறினதும் நீ யாரோ, நான் யாரோ" என்றாள் சில்யே. "அம்மா வீட்டுப் படியையும் மிதிக்காத."

குட்முண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகின் பதிவு நோட்டைப் பிரித்தார். அவரே எழுதியது.

8.40. கிளம்பினோம். காற்று வலப்பக்கம்.
12.15. பாய் திருப்பினோம். காற்று இடப்பக்கம்.
12.20. முன்பாய்க் கயிறு சிக்கல். நானும் சில்யேயும் முன்தளத்தில். ஹோவார்ட் சுக்கானில். தோருன் கீழே, மீன் சூப்.
12.55. சரியானது.
1.00. பாய் திருப்பினோம். காற்று மறுபடி வலப்பக்கம்.

"ஹோவார்ட், நீ பொய் சொல்ற."

"எதுக்கு மாமா பொய் சொல்லணும்?"

"அதை அப்புறம் பார்க்கலாம். சில்யே, காற்று வலப்பக்கம் இருந்து அடிச்சா படகு எந்தப் பக்கம் சாயும்?"

"இடது பக்கம். இது என்ன பள்ளிக்கூடமா?"

"அப்ப இந்த வலது அலமாரி மேட்டுல நிக்கும். அந்த நேரம் கதவைத் திறந்தா?"

சில்யே குவளைகளைப் பார்த்தாள். "எல்லாம் தரையில கொட்டிடும். அப்பா இதுக்காக எத்தனை தடவை திட்டியிருக்காரு! மேட்டுப்பக்க அலமாரியைத் திறக்காதேன்னு."

"எட்டு குவளை. ஒண்ணுலகூட கீறல் இல்ல. காற்று வலப்பக்கம் இருந்த பத்து மணிக்கு இவன் திறந்திருந்தா சத்தம் முன்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். படகுலயே புழங்குற யாரும் இப்படி ஒரு பொய் சொல்ல மாட்டாங்க. பத்து வருஷம் படகுப்பக்கமே வராதவன்தான் சொல்லுவான்."

ஹோவார்ட் தலை குனிந்தான்.

"கிளம்பினதுல இருந்து வலது பக்கம் தாழ்ந்தது ஒரே தடவைதான். பன்னெண்டேகால்ல இருந்து ஒரு மணி வரைக்கும். நானும் சில்யேயும் கயித்தோட மல்லுக்கட்டிட்டு இருந்தோம். இவன் சுக்கானை விடல. ஆனா சுக்கான் பிடிக்கிறவனுக்கு கேபின் வாசல் நேர் எதிர்ல. நீ பார்த்துட்ட, இல்லையாடா?"

"விடுங்க மாமா. என்னை ஏற்கெனவே யாருக்கும் பிடிக்காது. கூட ஒண்ணு சேர்ந்தா என்ன?"

குட்முண்ட் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது கீழே இருந்தவர் பெயரை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

தோருன் தூக்கப்பையைப் பிரித்தார். உள்ளே மரப்பெட்டி.

"நாப்பத்திரண்டு கோடை, இந்தப் படகுல" என்றார். "படகு சாயுற பக்கம் அவர் படுத்துப்பாரு. நான் அவர்மேல உருண்டு கிடப்பேன். இன்னிக்கு அந்தப் பக்கம் சாஞ்சப்ப இடம் காலியா இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு ராத்திரின்னு நினைச்சேன். கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க."

"அவனை அப்படித் திட்டினேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமேம்மா."

"திறந்தா பெட்டியைக் குடுக்கணுமே."

சில்யே முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு அதே கையால் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, நெற்றியை அவன் தோளில் முட்டினாள். "முட்டாள். பொய்யாவது ஒழுங்கா சொல்லத் தெரியுதா?"

மூன்று மணி. தோருன் பெட்டியை மகனிடம் நீட்டினார்.

"நீ தூவு. பத்து வருஷம் பேசல. ரெண்டு வார்த்தை பேசிட்டு விடு."

ஹோவார்ட் காற்றுக்கு முதுகு காட்டி, படகின் ஓரத்தில் மண்டியிட்டான். மூடியைத் திறக்க வெகுநேரம் ஆனது.

"மேட்டுப்பக்கம் திறக்கக்கூடாதுன்னு சொன்னீங்க" என்றான். "மறந்துட்டேன்பா."