வெள்ளைக்குக் கல் கிடையாது

பனி வெள்ளையாகத்தான் இருந்ததா, கொஞ்சம் நீலமாகவா? இப்போது எனக்கு நிச்சயமில்லை. என் மனைவி சொர்ணலட்சுமி சிரித்தது மட்டும் சரியாக நினைவிருப்பதாக நம்புகிறேன்.

1957 டிசம்பர். சிம்லாவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கள் சிவகாசி அச்சகத்துக்குக் காலண்டர் ஆர்டர் கொடுத்திருந்தார். பனிக்காட்சி வேண்டுமாம். அச்சுக்கல்லில் படம் வரைகிறவன் நான், பனியைக் கண்டதில்லை. அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். மலைச்சரிவில் ஒரு பழைய மரவீட்டில் தங்கவைத்தார்கள்.

காலையில் கதவைத் திறந்தவள் செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டாள்.

"ஏட்டி, கால் வெறைச்சுப் போயிரும்."

"அரிசிமாவக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. இதப் போயி செருப்புக் காலோட மிதிக்கவா? வாங்க, சும்மா நிக்கீகளே!"

கருப்பட்டியைப் பொடித்துப் பனியில் கலந்து தின்றாள். "நம்மூரு வெயிலுக்கு இதுல ஒரு லோடு ஏத்திட்டுப் போவமா?" என்றாள். தேவதாருக் கிளைகளிலிருந்து பனி சரிந்து விழும் ஓசை. மற்றபடி அமைதி. அவள் ஓடிய வழியெல்லாம் சின்னப் பாதங்கள். இரண்டாம் விரலில் மெட்டியின் கோடு.

மறுநாள் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

"என்னைய இங்கன விட்டுட்டுப் போயிராதீக."

அவளைத் தேவதாரு விறகில் எரித்தோம். அவள் செருப்பை எடுத்துக்கொண்டு தனியாக ரயிலேறினேன்.

சித்திரையில் படத்தை வரைந்தேன். வீடு, மரங்கள், வானம். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். வெள்ளைக்குக் கல் கிடையாது. பனி என்பது மை படாத வெறும் தாள்.

கடைசி நிறம் ஓடிய மத்தியானம், மிஷின்மேன் தனுஷ்கோடி ஒரு தாளோடு வந்தார். என் முன்னால் விரித்தார்.

"அண்ணாச்சி, கல்லுல ஒண்ணுமில்ல. தாளப் பாருங்க."

படத்து வீட்டின் வாசலில் ஒரு பாதச் சுவடு. மெட்டிக் கோடு.

அடுத்த தாளில் இரண்டு.

அடுத்தடுத்த தாள்களில் பாதங்கள் மரங்களைத் தாண்டி, சரிவில் இறங்கி, எங்களை நோக்கி நீண்டன. மண்ணெண்ணெய் வாடைக்கு நடுவே தேவதாருப் புகை மணத்தது.

அவள் வந்துகொண்டிருந்தாள்.

"நிறுத்திரவா, அண்ணாச்சி?"

"ஓட்டுப்பா. நிறுத்திராத."

படத்தின் ஓரத்துக்கு ஒரு விரற்கடை இருக்கையில் தாள் தீர்ந்தது. தாள் அடுக்கியிருந்த கிட்டங்கிக்கு ஓடி ஒரு கட்டைத் தூக்கி வந்தேன்.

மணல் உரசும் சத்தம் கேட்டது.

தனுஷ்கோடி கல்லை இறக்கி, மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கல்லிலிருந்து படம் போய்விட்டது.

"வேலை முடிஞ்சா தேய்ச்சிரதுதான அண்ணாச்சி..." என்று அழுதார்.

மறுபடி வரைந்தேன். பலமுறை. பனி வெறும் தாளாகவே இருந்தது.

தனுஷ்கோடி சாத்தூருக்கு வேறு வேலைக்குப் போனார், 1964-ல் இறந்தார். ஜவுளிக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டார். நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. சொர்ணலட்சுமி வீடு வந்து சேரவில்லை.

கடைசித் தாள் என் அறைச் சுவரில் இருக்கிறது. அதனடியில் அவள் செருப்பை வைத்திருக்கிறேன். அக்கினி நட்சத்திரத்திலும், காலையில் தொட்டால் செருப்பு சில்லென்று நனைந்திருக்கிறது.