மேப்பில் மட்டும் இருந்த கரை

சடலம் பரணுக்குக் கீழே, சேற்றில் கிடந்தது.

ஆற்று வளைவில் ஒற்றை வீடு. வெள்ளம் வடிந்துவிட்டது. கட்டிய கணவன் பக்கத்தில் நிற்கிறான்... கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

வெள்ள வரைபடம் போடுவது அவன் வேலை. ஆபீசில் வைத்த பெயர் 'மேப்பு'. மழையளவையும் நில உயரத்தையும் கொடுத்தால், அவனுடைய சாஃப்ட்வேர் ஆற்றை ஓடவிட்டுப் பார்க்கும். தண்ணீர் பரவும் இடத்துக்கெல்லாம் நீலம் பூசும். மீட்பு வண்டி அந்த நீலத்துக்குள் இருக்கும் வீடுகளில் மட்டும்தான் நிற்கும்.

இந்த வீட்டுக்கு நீலம் இல்லை!

"ஏன் சார் இல்ல?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல... மண் கரை இருக்கு. கரைக்கோடு போட்டா சாஃப்ட்வேர் தண்ணியை அதைத் தாண்ட விடாது."

"சுத்திப் பார்த்துட்டேன். முழங்கால் உயரத்துக்குக்கூட ஒண்ணும் இல்லையே?"

மேப்பு செருப்பால் சேற்றைக் கிளறினான்.

"சரி, பரணைப் பாருங்க. உங்க சட்டை, உங்க புத்தகம், உங்க சர்டிபிகேட்... எல்லாம் பத்திரமா மேல. அவங்க துணிமணி மட்டும் சேத்துல. தண்ணி வரும்னு தெரிஞ்ச ஆளுதான் இப்படி ஏத்தி வைக்க முடியும்."

"சத்தியமா நான் ஏத்தல சார்."

அவன் அன்று பேசிய முதல் உண்மை அது.

"தெரியும்." இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் பையில் சுற்றிய போனை எடுத்தார். "இதுவும் பரண்லதான் இருந்தது. உங்களுக்குப் பேசி அனுப்பியிருக்காங்க. டவர் இல்லாம போகல."

பட்டனை அழுத்தினார். செத்தவள் பேசினாள்.

"என்னங்க... உங்க கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பழைய மேப்ல நம்ம வீடு தண்ணிக்குள்ள இருக்கு. புதுசுல இல்லாத கரையைப் போட்டிருக்கீங்க. அவசரத்துல கை தவறியிருக்கும், பாவம். இப்பதான் வண்டி போச்சு. கூப்பிட்டா உங்க தப்பு வெளிய தெரிஞ்சு வேலை போயிடுமேன்னு கூப்பிடல. உங்க சாமானையெல்லாம் பரண்ல ஏத்திட்டேன். எனக்குத்தான் ஏற இடமில்ல. பரவாயில்ல, நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களே..."

வெளியே ஜீப் டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். படுபாவி, இவளுக்கா இப்படி ஒரு முடிவு!

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார்.

"கை தவறிடுச்சுன்னு அவங்களே உங்களுக்காக சாட்சி சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்களும் அதையே சொன்னா கொலைன்னு என்னால நிரூபிக்க முடியாது. சொல்றீங்களா?"

தப்பிக்க ஒரே ஒரு வார்த்தை போதும். மேப்பு வாயைத் திறந்தான். பரணைப் பார்த்தான். அவனுடைய சட்டைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன.

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"கை தவறல சார்... தெரிஞ்சேதான் போட்டேன். இன்னொருத்தியோட வாழணும்னு நினைச்சேன். வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி இவளை இங்கேயே நிறுத்தி வச்சதும் நான்தான்."

குலுங்கிக் குலுங்கி அழுதான். நிற்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு கையில் விலங்கும் மறு கையில் கைக்குட்டையுமாகக் குனிந்தார்.

"தொடைச்சுக்கோங்க சார். இந்தத் தண்ணியையும் உங்க மேப்பு காட்டவே இல்ல."