ருசி பார்த்தவள்

விடிந்ததும் காபிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தது. மருமகள் கண்ணைத் திறந்தாள். மருத்துவமனை அறை, ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது. ஆனாலும் வறுக்கும் இயந்திரம் சுவருக்குள்ளேயே சுற்றுவதுபோலக் கடகடவென்று கேட்டது.

"அந்த மிஷினை யாராவது நிறுத்துங்களேன்..."

மாமியாருக்கு உடம்பு சிலிர்த்தது. காபித்தூள் கடையைப் பூட்டிவிட்டுத்தான் குடும்பமே இங்கே கிடந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளிப்படும்.

நாத்தனாருக்குச் சிறுநீரகம் பழுதானபோது, தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று முன்வந்தவள் இந்த மருமகள்தான். நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது. வாங்கிக்கொண்டவள் அடுத்த அறையில் நிம்மதியாகத் தூங்கினாள். கொடுத்தவளோ, வலிக்கு ஊசி போட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். யாரோ தலைக்குள் உட்கார்ந்து வெளியே வர வழி தேடித் தட்டுவதுபோல இருந்தது அவளுக்கு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

மறுபடி ஊசி கேட்க எழுந்த மகனை மாமியார் தடுத்தாள்.

"வயித்துல வெட்டினா வயிறு வலிக்கணும். தலையைப் பிடிச்சுக்கிட்டா என்ன அர்த்தம்? கொடுத்ததைச் சொல்லிக்காட்ட ஒரு நாடகம்!"

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மருமகளின் கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையில் இறங்கியது. நடிக்கிறேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா வந்து பரிசோதித்தாள். அறுவை சிகிச்சைக்கு முன் கேட்டதுபோலவே, காபிப் பழக்கம் உண்டா என்று மறுபடி கேட்டாள். மருமகள் இல்லையென்று தலையசைத்தாள். அது பொய்யில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து குடித்தால்தான் குடித்ததாக அர்த்தம்.

"அவளுக்கு உக்காந்து குடிக்க நேரம் ஏது?" என்றாள் மாமியார். "கடை திறந்ததுல இருந்து அடைக்கிறவரைக்கும், வறுத்து இறக்கினதையெல்லாம் ருசிதான் பார்ப்பா."

"பார்த்துட்டுத் துப்பிடுவாங்களா?"

"துப்பினா தொண்டைக் கசப்பு எப்படித் தெரியும்? முழுங்கித்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை மருமகள் பக்கம் திரும்பியது.

"உடம்புக்கு அது வேலைன்னு தெரியாதும்மா," என்றாள் டாக்டர். அவ்வளவு பழகிய உடம்புக்குத் திடீரென்று காபி நின்றால் தலை இடிக்கும், மற்ற வலியையும் தாங்க முடியாது, மருந்தும் கூடுதலாகக் கேட்கும் என்று விளக்கினாள். முன்பே தெரிந்திருந்தால் அதற்கு ஏற்பாடு செய்திருக்கலாம் என்றவள், இப்போது கொஞ்சம் காபி கொடுக்க அனுமதித்தாள்.

மாமியாரே கரண்டியால் ஊட்டினாள். மெல்ல மெல்ல, தலைக்குள் தட்டிக்கொண்டிருந்தது படியிறங்கிப் போவதுபோல விலகியது. சுவருக்குள் சத்தம் நின்றது. வாசனையும் இல்லை. மருமகள் அசையாமல் கிடந்தாள். அந்த அமைதி மாமியாரை இன்னும் பயமுறுத்தியது.

"ஏதாவது பேசும்மா..."

மருமகளின் முகம் சுருங்கியது. கை தயங்கித் தயங்கி வயிற்றுக் கட்டின் மேல் போனது.

"அத்தை... இப்பத்தான் வெட்டின இடம் வலிக்குது."

மாமியார் அவள் தோளில் முகம் புதைத்துக் குலுங்கினாள். "எம் பொண்ணுக்கு உசிரு குடுத்தவளைப் போய்..." என்றாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நீண்ட தாழ்வாரத்தில் அவள் குரல் எதிரொலித்தது.

"சிஸ்டர், எம் மருமகளுக்கு வலிக்குது. சீக்கிரம் வாங்க."