பிசாசுகிட்டப் போயிட்டு வாங்க

ஆறு மாதமாக உல்யானா ஒரு நன்றியைச் சொல்ல முடியாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அது ரிம்மா ஒலேகோவ்னாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி. பெர்ம் நகரத்துப் பாலே அரங்கில் அவர்தான் முதல் நடனமணி. போன வருடம் மேடையில் குதித்து இறங்கும்போது அவருடைய பாதத்தில் எலும்பு முறிந்துவிட்டது. கட்டு அவிழ்த்த பிறகு பயிற்சிக்கு எங்கே வந்தார் தெரியுமா? பாலே பள்ளியில் உல்யானாவின் வகுப்புக்கு. பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் முதல் வகுப்பு அது.

"நானும் முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்," என்று சொல்லிவிட்டு, சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உல்யானாவுக்கு முன்னால் நின்றார்.

அவர் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. வலிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்ந்தார். மறுபடி மடக்கினார், மறுபடி நிமிர்ந்தார். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்தே உல்யானாவின் கூனல் சரியானது. "மூட்டை தூக்குறவ மாதிரி நிக்கிறியே," என்று டீச்சர் திட்டுவதும் நின்றது. குளிர்காலத் தேர்வுக்குப் பிறகு மூன்று பேரைப் பள்ளியை விட்டே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். உல்யானாவை அனுப்பவில்லை.

நன்றி அதற்குத்தான். ஆனால் ரிம்மாவைப் பார்த்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இன்று ரிம்மா மறுபடி மேடை ஏறுகிறார். அரசி வேடம். தரையில் புரளும் நீல அங்கியின் முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக இரண்டு சிறுமிகள் வேண்டும். ஒருத்தி லெரா. இன்னொருத்தி உல்யானா.

திரைக்குப் பக்கத்தில் டூஸ்யா அத்தை அங்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் உடை உடுத்திவிடுவது அவர்தான். வாய் நிறைய குண்டூசிகள்.

ரிம்மா சிறுமிகள் பக்கம் திரும்பி, மேடை ஏறும் முன் சொல்கிற வாழ்த்தைச் சொன்னார்.

"நம்ம மூணு பேருக்கும் ஒரு ரோமமும் கிடைக்காமப் போகட்டும். ஒரு இறகும் கிடைக்காமப் போகட்டும்."

வேட்டைக்காரர்கள் விட்டுப்போன வாழ்த்து அது. நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று கெட்டதைச் சொல்வது. அதற்குப் பதிலும் ஒன்றே ஒன்றுதான்.

"போ பிசாசுகிட்ட," என்று லெரா கடகடவென்று சொல்லிவிட்டாள்.

உல்யானாவுக்கும் அது தெரியும். கணக்குத் தேர்வன்று தோழிகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஆனால் ரிம்மா அவளைப் பார்த்துச் சிரித்ததும், ஆறு மாதமாக உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்க."

டூஸ்யா அத்தை வாயிலிருந்து குண்டூசிகள் கொட்டின. "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்ட. நன்றி சொன்னா வாழ்த்து கெட்டுப்போயிடுமே."

"இவ வாயே தொறக்க மாட்டா, அத்தை. தொறந்தா இப்படித்தான்," என்றாள் லெரா.

ரிம்மா சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"போன வருஷமும் இப்படித்தான், டூஸ்யா. யாரோ வாழ்த்தினாங்க. நான் ஏதோ நெனப்புல நன்றின்னுட்டேன். கால் மணி நேரத்துல கால் போச்சு."

ஆட்டம் தொடங்கப்போகிறது என்று சொல்லும் மூன்றாவது மணி அடித்தது. வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது.

"என்னால முடியாது," என்றார் ரிம்மா.

"என்ன கண்ணு பேசறே? வெளிய அத்தனை பேரும் உன்னப் பார்க்கத்தான் உக்காந்திருக்காங்க."

"அந்தப் பொண்ணு சரியான பதிலச் சொல்லட்டும். அப்பப் போறேன்."

டூஸ்யா அத்தை உல்யானாவை முன்னால் தள்ளினார். "சொல்லு. போ பிசாசுகிட்ட. ரெண்டே வார்த்தை."

உல்யானா வாயைத் திறந்தாள். வரவில்லை. இவரைப் பார்த்தா 'போ' என்பது?

அப்போதுதான் ரிம்மாவின் காலைக் கவனித்தாள். கணுக்காலில் கட்டிய பட்டு நாடா நடுங்கிக்கொண்டிருந்தது. பாவம், தேர்வன்று தன் கால் நடுங்கியதைப் போலவே இவருக்கும் நடுங்குகிறதே. இப்போது இவருக்கு நன்றி வேண்டாம். பிசாசுதான் வேண்டும்.

பிசாசை மாற்ற முடியாது. ஆனால் 'போ'வை மாற்றலாமே.

உல்யானா குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்றாள்.

"ரிம்மா ஒலேகோவ்னா, நீங்க தயவுசெஞ்சு பிசாசுகிட்டப் போயிட்டு வாங்க. பத்திரமாப் போங்க. சீக்கிரம் வந்துடுங்க."

"வரச் சொல்லலாமா, அத்தை? அது செல்லுமா?" என்று லெரா கிசுகிசுத்தாள்.

ரிம்மாவுக்கு முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு அரசிக் கிரீடம் ஆட ஆடச் சிரித்தார். கண் மை கலையாமல் டூஸ்யா அத்தை கண்ணீரைத் துடைக்க வேண்டியிருந்தது.

"செல்லும், செல்லும்," என்றார் ரிம்மா. "போயிட்டு வரேன்."

திரை விலகியது. சிறுமிகள் அங்கியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். மேடை நடுவில் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்து நின்றார்கள். போன வருடம் கால் முறிந்த அந்தக் குதிப்பு வந்தபோது உல்யானா அங்கியின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ரிம்மா எழும்பினார், இறங்கினார். சத்தமே இல்லை. அடுத்த சுழற்சிக்குப் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்து, வியர்வை சொட்ட, சுவரில் சாய்ந்துகொண்டார் ரிம்மா.

"வந்துட்டேன்," என்றார்.

"அத்தை, இப்ப நன்றி சொன்னா கெட்டுப்போகுமா?" என்று உல்யானா கேட்டாள்.

"இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு. சொல்லு."

"வகுப்புல என் முன்னாடி நின்னீங்களே, அதுக்கு ரொம்ப நன்றிங்க. அதனாலதான் என்னை வீட்டுக்கு அனுப்பல."

ரிம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் கதையும் அதுதான். வலி தாங்காம எத்தனை நாள் பாதியில ஓடிடலாம்னு பார்த்தேன் தெரியுமா? பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கே, எப்படி ஓடுறது? நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்."

வெளியே கைதட்டல் நிற்கவில்லை. ரிம்மா சிறுமிகள் இருவரின் கைகளையும் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் நடந்தார். உல்யானாவின் முதுகு நேராக இருந்தது. இப்போது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. ரிம்மா பக்கத்தில் இருந்தார்.