மூன்று மணிக்கு மேல் வந்த பை

"மூணு மணிக்கு மேல பணம் வாங்க மாட்டோம். போர்டுல போட்டிருக்கு, பாருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும்தான் வந்தது. ஆள் நிமிரவில்லை.

"மணி இப்ப மூணு ரெண்டுதானே..."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னங்க? மூணுன்னா மூணுதான்."

"அப்ப ரெண்டே முக்காலுக்கு மழை பெய்யக் கூடாதுன்னும் போர்டுல போட்டிருக்கலாம்ல?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். எதிரே நின்றவள் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். அவள் கையிலிருந்த துணிப்பை மட்டும் துளி ஈரமில்லை. குடையைப் பைக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்து வந்திருக்கிறாள்! இமையோரம் நின்றிருந்த ஒரு மழைத்துளி இப்போது விழுமா, அப்போது விழுமா என்று பயம் காட்டியது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கோபமாக இருக்கப் பார்த்து முடியாமல், அழுதுவிடுமோ என்று இருந்த கண்கள்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"எந்தத் துறை?"

"தாவரவியல்."

பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறையும் தன் பணத்தைத் தானே வாங்குகிறது. ஆய்வகக் கட்டணம், உடைத்த கண்ணாடிக்குத் தண்டம், சான்றிதழ் நகல், தாவரவியல் என்றால் நாற்று விற்ற காசும் உண்டு. எதுவானாலும் அன்று வாங்கியது அன்றே மூன்று மணிக்குள் காசாளர் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. துறையில் வைப்பதானால் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். தாவரவியலில் இருந்தது ஒரு மர அலமாரி. அதைத் திறக்கச் சாவி வேண்டாம், ஒரு தும்மல் போதும்.

"அந்த அலமாரில வெச்சுட்டுப் போனா நான் இன்னிக்குத் தூங்க மாட்டேங்க. எங்கப்பா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பக்கத்துக் கவுண்டர்கள் மூடிக் கிடந்தன. பிறகு, தான் சொல்லவே கூடாத ஒன்றைச் சொன்னான்.

"பையை சீல் வெச்சுக் குடுங்க. பெட்டகத்துல வெச்சிருக்கேன். காலைல ஒம்பதுக்கு வாங்க, உங்க முன்னாடியே எண்ணிடலாம்."

"கையில ஒரு சீட்டாவது குடுங்களேன்..."

"இங்க இருக்கிற தாளுக்கெல்லாம் நம்பர் உண்டு. மூணுக்கு மேல நான் ஒண்ணைக் கிழிச்சா, நாளைக்கு என்னைக் கிழிச்சுடுவாங்க."

அவள் கைப்பையைத் துழாவினாள். மடித்த ஒரு தாள் அகப்பட்டது. அன்று காலை ஒரு மாணவி உடைத்த குடுவைக்குத் தண்டம் கட்ட வந்தாள். ரசீதை எழுதி முடித்த பிறகுதான், "ஐயோ, அது வேதியியல் குடுவை அக்கா" என்றாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ரசீதின் மேல்தாள் வீணானது. அதைப் புத்தகத்திலேயே மற்ற இரண்டு நகல்களோடு சேர்த்துப் பின் அடித்து, மூன்றிலும் 'ரத்து' என்று எழுத வேண்டும். வரிசையில் பத்துப் பேர் நின்றதால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பையில் போட்டிருந்தாள்.

அந்தத் தாளைத்தான் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். அவன் திருப்பிப் பார்க்கவில்லை. வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கி நின்று படித்தாள்.

'சீல் வைத்த பை ஒன்று, எண்ணாமல், நம்பிக்கையின் பேரில் பெற்றுக்கொண்டேன். நேரம் 3.02. நனையாமல் வீடு போய்ச் சேரவும்.'

நனைய இனி என்ன மிச்சம்? சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்கப்புறம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கட்டிட்டியா?"

மற்ற வீடுகளில் மகள் வந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இந்த வீட்டில் இதுதான் கேள்வி. பதினெட்டு வருடத்துக்கு முன் அப்பாவும் ஒரு அலுவலகத்தில் பணம் வாங்கும் குமாஸ்தா. ஒரு நாள் இருப்பில் பணம் குறைந்தது. எடுத்தாரா, எண்ணிக்கைப் பிசகா... இன்று வரை அவர் சொன்னதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. வேலை போனது. அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அப்பா அதற்குப் பிறகு பஸ் டிக்கெட்டுக்குக் கூடக் காசைக் கையால் தொடவில்லை.

"கட்டிட்டேம்ப்பா," என்றாள். பாதிப் பொய்தான்.

மறுநாள் காலை அவள் முன்னால் பை பிரிந்தது. ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை. நோட்டுக்கட்டுக்கு நடுவிலிருந்து மட்டும் காய்ந்த இலை ஒன்று விழுந்தது.

"இதை எந்தக் கணக்குல வரவு வைக்கிறது, தாவரவியல்?"

"நன்கொடைன்னு எழுதிக்குங்க, நாலாம் நம்பர்."

காசாளர் அலுவலகத்தில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. வருகிறவர்கள் துறை, உள்ளே இருப்பவர்கள் கவுண்டர் எண். அவன் நாலு. அந்த இலையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்... தினமும் ஐந்து நிமிடம். அவ்வளவுதான். மற்ற கவுண்டர்கள் காலியாக இருந்தாலும் தாவரவியல் நாலாம் நம்பரில்தான் நிற்கும்.

"இன்னிக்கு ரெண்டு முப்பதுக்கே வந்துட்டீங்க. மழை லீவா?"

"உங்களுக்குப் பயந்துதான். போர்டைக் காட்டியே ஆளைக் கொன்னுடுவீங்க."

எண்ணும்போது அவன் விரல்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓடின. அவளும் தெரிந்தே அவசரப்படுத்தவில்லை. அவனுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கிறது, இன்னொன்று வந்தால் வேலை போய்விடும், அவன் சம்பளத்தை நம்பிப் புருஷனை இழந்த அக்காவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள்... இதெல்லாம் அந்த ஐந்து ஐந்து நிமிடங்களில் தெரிந்துகொண்டது. சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் இருவரும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்கு... என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

அந்த நாளைக்குத்தான் தணிக்கை வந்தது.

தணிக்கை அதிகாரி ரசீதுப் புத்தகங்களைத் தாள் தாளாகப் புரட்டுகிறவர். நானூற்றுப் பதினேழாம் ரசீதில் அவர் விரல் நின்றது. இரண்டு நகல்களும் புத்தகத்தில் சமர்த்தாக இருந்தன. 'ரத்து' இல்லை. மேல்தாள் இல்லை. பணம் கட்டிய கணக்கும் இல்லை.

"மேல்தாள் பணம் கட்டினவங்க கைக்குப் போயிருக்கு. பணம் எங்கம்மா போச்சு?"

அந்தத் தேதியைப் பார்த்தாள். மழை நாள்.

 மேல்தாள் யார் கைக்கும் போகவில்லை. அதோ, தோளில் தொங்கும் கைப்பைக்குள், பஸ் பாஸுக்குப் பின்னால், நாலாக மடித்து இருக்கிறது. எடுத்துக் காட்டினால் போதும், பழி போய்விடும். ஆனால் முன்பக்கத்தைக் காட்டினால் பின்பக்கமும் கூடவே வருமே! பணத்தை எண்ணாமல், நேரம் கடந்து வாங்கிக்கொண்டேன் என்று அவனே தன் கையால் எழுதியது... அதைவிட இரண்டாம் மெமோவுக்கு வேறென்ன வேண்டும்?

"தெரியலை சார்," என்றாள்.

அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். கொடுத்திருந்த போன் எண் உபயோகத்தில் இல்லை. தொகை என்னவோ சின்னதுதான். எடுத்தது எவ்வளவானாலும் எடுத்ததுதான் என்றார்கள். 'அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கு' என்று நடைவழியில் யாரோ சிரித்தார்கள். திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் பதில் சொல்லாவிட்டால் வேலை இல்லை, மேற்கொண்டு புகார் வேறு.

மாலையில் படிக்கட்டு அருகே நாலாம் நம்பர் காத்திருந்தான். கண்ணாடி நடுவில் இல்லாமல் அவனைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. இப்படியா அது அமைய வேண்டும்?

"கேள்விப்பட்டேன்..." குரலை இறக்கினான். "ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். வீட்டு அவசரத்துக்கு எடுத்திருந்தா பரவாயில்லை. நான் கட்டிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அன்பாகத்தான் சொன்னான். அதனால்தான் அவ்வளவு வலித்தது. ஊரெல்லாம் சொன்னபோது வராத அழுகை இப்போது கண்ணில் முட்டியது. இவனுமா... யாருக்காக வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனோ, அவனே...

"எடுத்திருப்பேன்னு முடிவே பண்ணிட்டீங்க, இல்ல?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்ல வரலை..."

"உங்க தயவு வேணாம். இனிமே என்னைப் பார்க்க வராதீங்க."

வீட்டுக்கு அவளுக்கு முன்பே செய்தி போயிருந்தது. அப்பா அன்று 'கட்டிட்டியா' என்று கேட்கவில்லை. சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, பல வருடங்களுக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

"நீயுமா?"

அவ்வளவுதான். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே ஆறியது. அம்மா மிஷினை நிறுத்தவே இல்லை. நின்றால் அழுதுவிடுவோம் என்று பயமோ என்னவோ.

அவள் அந்தத் தாளை எடுத்துப் பிரித்தாள். நனையாமல் வீடு போய்ச் சேரவும். கிழித்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தாள். முடியவில்லை. பாழாய்ப்போன மனசு, அவன் மேல் இத்தனை கோபத்திலும் அவன் எழுத்தைக் கிழிக்க மாட்டேன் என்றது.

மறுநாள் காலை அவன் மூச்சிரைக்கத் தாவரவியலுக்கே வந்துவிட்டான்.

"வராதீங்கன்னு சொன்னீங்க. தெரியும். அந்த ரசீது எந்தத் தேதின்னு இப்பதான் பார்த்தேன். மழை அன்னிக்கு... நான் எழுதினேனே, அந்தத் தாள்... அதுதானா?"

அவள் கை தோளில் தொங்கிய கைப்பையை அணைத்துக்கொண்டது.

"அதைக் காட்டிடுங்க. உங்க மேல தப்பே இல்லைன்னு ஆயிடும்."

"அது இல்லை. அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நிஜமாவா?"

"ஆமா. அதை எதுக்கு வெச்சுக்கப்போறேன்?"

அவன் முகம் செத்துப்போனது. சந்தேகப்பட்டேனே என்ற வெட்கம் பாதி, எதுக்கு வெச்சுக்கப்போறேன் என்றாளே என்ற வலி பாதி. வந்த வழியே திரும்பிப் போனான்.

பன்னிரண்டு மணிக்குத் தணிக்கை அதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே அவனும் நின்றிருந்தான். மேஜையில் அவன் எழுதிய வாக்குமூலம்.

"இவர் வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுத்திருக்கார்மா. மூணு மணிக்கு மேல பையை வாங்கினேன், அந்த ரசீதோட பின்னாடிதான் சீட்டு எழுதினேன்னு. வாய்வார்த்தை எனக்குப் போதாது. தாள் இல்லேன்னா ரெண்டு பேரும் கூட்டுன்னுதான் நான் எழுதணும். இருந்தா உங்க பழி போகும். இவருக்கு எப்படியும் திங்கட்கிழமையிலிருந்து கவுண்டர் கிடையாது."

"எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?" அவள் அவனைப் பார்த்துக் கத்தியேவிட்டாள். "அக்கா இருக்காங்க, பிள்ளைங்க இருக்கு... உங்களுக்கு அறிவில்லையா?"

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "நேத்து உங்களைக் கேட்கக் கூடாததைக் கேட்டுட்டேன். அதுக்கு எனக்கு வேற வழி தெரியலை."

இதற்குத்தானா நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று இருந்தது அவளுக்கு. காப்பாற்ற நினைத்தவன் தானே வந்து தலையைக் கொடுத்துவிட்டான். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கைப்பையைத் திறந்தாள். பஸ் பாஸை நகர்த்தினாள். நாலாக மடித்த தாளை மேஜையில் வைத்தாள்.

"கிழிச்சுட்டேன்னு..." என்றான் அவன், குரலே எழும்பாமல்.

அதிகாரி முன்பக்கத்தைப் பார்த்தார். நானூற்றுப் பதினேழு. திருப்பினார். விசாரணைக்கென்று ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். 'நனையாமல் வீடு போய்ச் சேரவும்' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு மாசமா இதை ஏம்மா பத்திரமா வெச்சிருந்தீங்க?"

 தாளின் மடிப்புகள் நைந்து போயிருந்தன. எத்தனை தடவை பிரித்துப் படித்திருப்பாள் என்பதை அந்தத் தாளே சொன்னது.

அதிகாரி ரசீதுப் புத்தகத்தை இழுத்துக்கொண்டார். மூன்று தாள்களிலும் 'ரத்து' முத்திரை குத்தினார். சேர்த்து வைத்துப் பின் அடித்தார். ஸ்டேப்ளர் பின் இறங்கிய சத்தத்தில் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது.

"இனி இது ஆபீஸ் சொத்து. நீங்க போகலாம்மா. உங்க மேல ஒண்ணும் இல்லை."

அவள் போகவில்லை.

"சார்... ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா. வீட்ல காட்டத்தானே? ரத்து முத்திரை தெரியிற மாதிரி முன்பக்கத்தை எடுத்துக்குங்க."

"இல்ல சார்..." கண்ணீர் இமையோரம் வந்து நின்றது. அதைத் துடைக்காமலே சொன்னாள். "எனக்குப் பின்பக்கம்தான் வேணும்."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாலாம் நம்பர் நிமிர்ந்தான்.