காற்றுக்கு முன் சால்வை

சுரங்கத்திலிருந்து திரும்பி வருகிறவர்களுக்குச் சால்வை போர்த்திய பிறகுதான் காற்று விடுவார்கள்.

பனிக்குழியில் இது தினமும் நடப்பது. நிலவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பள்ளத்தில் பனி வெட்டும் ஊர் அது. வெட்டிக் களைத்தவன் வெளிக்கதவைத் திறந்து நடுவறைக்குள் வருவான். கதவு பின்னால் சாத்திக்கொள்ளும். அறையில் இன்னும் காற்று இருக்காது. சுவரிலிருந்து ஒரு கைப்பொறி நீளும். கொக்கியில் தொங்கும் சிவப்புச் சால்வையை எடுத்து அவனுடைய காப்புடையின் தோளில் போர்த்தும். மேலே இருக்கும் கண் சால்வையின் ஜரிகையைப் பார்த்துப் படம் பிடிக்கும். கைப்பொறி சால்வையை உருவி மறுபடியும் மாட்டிவிடும். அதற்கப்புறம்தான் காற்று நிறையும், உள்கதவு திறக்கும், மனிதன் தலைக்கூட்டைக் கழற்றி மூக்கைச் சொறிந்துகொள்ளலாம்.

ஊரைத் திறந்துவைக்கப் பூமியிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. வந்த காலோடு மரியாதை, மற்றதெல்லாம் அப்புறம் என்று விழாக் குழு சொல்லிவிட்டது. சொன்னபடி எழுதினார்கள். பெரிய மனிதர் போய்விட்டார். எழுதியது நின்றுவிட்டது.

எழுதியதை அழிப்பது அங்கே லேசான காரியம் இல்லை. கதவு, காற்று, தண்ணீர், சோறு எல்லாவற்றையும் ஒரு மென்பொருள்தான் நடத்தியது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரார் மேஸ்திரி என்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியாக எழுதி அதனிடம் கொடுத்திருப்பார்கள். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்கு அது நகராது. கெஞ்சினாலும் நகராது, ஏசினாலும் நகராது.

சால்வையை அதிகம் ஏசினவன் பனிவெட்டி பிச்சைமணி. "இந்தக் கந்தலப் போத்தி எடுக்கதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுருது. மாட்டுக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டானுவ" என்று நடுவறையில் நின்றபடியே வானொலியில் கத்துவான். உள்கதவுக்கு இந்தப் பக்கம் காற்றுமானிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி ஜெபக்கனி.

"பேசாம நில்லுங்க. படம் விழட்டும்" என்பாள்.

படிகளை மாற்றும் அதிகாரம் படிமுறை அலுவலர் அன்வர்தீனுக்கு இருந்தது. ஜெபக்கனி பல தடவை கேட்டுவிட்டாள். "பாப்போம்க்கா" என்பான் அவன். "மரியாதைய எடுத்தது யாருன்னு நாளைக்கு ஒரு கேள்வி வந்தா, என் பேருல்லா வரும்."

ஒரு நாள் மதிய ஷிஃப்டு வெளியே போனபோது, நடுவறையில் மிச்சமிருந்த காற்று வெளிக்கதவு வழியாகப் பீறிட்டுப் பாய்ந்தது. இற்றுப்போன சால்வையும் அதோடு சேர்ந்து போய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் நடந்துகொண்டே தலைக்கூட்டின் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பிச்சைமணி தனியாக ஓடிவந்தான். பனி அறுக்கும் வாள் துள்ளி அவன் காப்புடையின் முழங்கையைக் கீறியிருந்தது. கீறலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு நடுவறைக்குள் விழுந்தான். வெளிக்கதவு சாத்தியது. கைப்பொறி நீண்டது. வெறும் கொக்கியைப் பிடித்தது, விட்டது, மறுபடியும் பிடித்தது.

"கனி, காத்து ஒழுகுது. சீக்கிரம் விடச் சொல்லு."

ஜெபக்கனி மானியைப் பார்த்தாள். அவன் முதுகிலிருக்கும் காற்றுக் குப்பியின் முள் கண்ணுக்குத் தெரியவே இறங்கிக்கொண்டிருந்தது. அவசரப் பொத்தானைக் குத்தினாள். 'முந்தைய படி நிலுவையில் உள்ளது' என்று மேஸ்திரி எழுதிக் காட்டியது. அவசரத்துக்கான படியும் சால்வைக்குப் பின்னால்தான் இருந்தது.

"சால்வை எங்கங்க?"

"அதுக்கு நான் எங்க போவேன்? ஒஞ் சேலையக் காட்டுட்டி அந்தக் கண்ணுக்கு!"

சேலை கதவுக்கு இந்தப் பக்கம். கண் கதவுக்கு அந்தப் பக்கம். அவள் கூப்பாடு போட்டதில் அன்வர்தீன் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தான். கையில் பலகைக் கணினி. அதில் ஏவல்சாளரத்தைத் திறந்தான். மேஸ்திரியிடம் நேராகப் பேசி, படிகளை மாற்று என்று ஏவுகிற கருவி அது. ஒரு படியை மட்டும் அதில் பிடுங்க முடியாது. எல்லாப் படிகளையும் திரும்ப எழுதி மொத்தமாக அனுப்ப வேண்டும். எழுதாமல் விட்டது அழிந்துபோகும். காற்றை எழுத மறந்தால் இந்த ஊருக்கு வந்து சேருகிற யாருக்கும் காற்று கிடையாது.

அன்வர்தீன் சால்வையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எழுதி அனுப்பினான். 'படி எண்கள் வரிசையில் இல்லை' என்று திருப்பிவிட்டது. இரண்டில் ஆரம்பித்திருந்தான்.

"ஒன்னுலருந்து போடுங்க சார், ஒன்னுலருந்து!" ஜெபக்கனி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உலுக்காதீங்கக்கா, தப்பா விழுது."

மறுபடி எழுதினான். அனுப்பினான். 'படிமுறை புதுப்பிக்கப்பட்டது.'

இருவரும் கதவைப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. உள்ளே கைப்பொறி வெறும் கொக்கியைப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்தது. பிச்சைமணி முட்டிபோட்டுவிட்டான்.

"மாத்திட்டேனே… மாத்திட்டேனே…" என்ற அன்வர்தீனுக்குச் சட்டென்று விளங்கியது. "அக்கா, அண்ணாச்சி உள்ள வந்தப்ப பழைய படிதான் இருந்துச்சு. நடுவுல இருக்க ஆளுக்கு மேஸ்திரி புதுசப் பாக்காது. இனிமே வாரவங்களுக்குத்தான் பாக்கும்."

"அப்ப?"

"வெளிய போயிட்டு மறுபடி வரணும்."

வந்த வழியே திரும்பி வெளியே போவதற்கு மட்டும் அங்கே எந்தப் படியையும் முடிக்க வேண்டியதில்லை. ஜெபக்கனி வானொலியைப் பிடித்தாள்.

"ஏங்க, எந்திரிங்க. வெளிய போங்க."

"என்னது?"

"வெளிய போயிட்டுத் திரும்ப வாங்க."

"சாவப் போற நேரத்துலயும் என்னத் தொரத்துதியே, நீ நல்லா இருப்பியா?"

"ஏ மனுசா, சொல்லுதத ஒரு நாளாவது கேளும்!"

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். வெளிக்கதவு திறந்தது. இருட்டுக்குள் இரண்டு எட்டு தள்ளாடிப் போய்த் திரும்பினான். உள்ளே வந்து குப்புற விழுந்தான். கதவு சாத்தியது. கைப்பொறி நீளவில்லை. காற்று சீறிக்கொண்டு நிறைந்தது. உள்கதவு திறந்ததும் ஜெபக்கனி அவன் தலைக்கூட்டைப் பிடுங்கி எறிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது.

அவனை மருத்துவக் கூடத்தில் படுக்க வைத்தார்கள். காப்புடையின் முழங்கைக் கீறலைக் கைக்குக் கிடைத்த ஒட்டை வைத்துத் தைத்தார்கள். நல்ல ஒட்டுகள் அடுத்த கப்பலில் வரவேண்டியிருந்தன.

சால்வை இல்லாத கதவு வழியாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் எல்லோருக்கும் சந்தோசம். பிறகு ஒருவன், "என்னமோ தொழுவத்துக்குள்ள நுழையுத மாதிரி இருக்குவே" என்றான். இன்னொருவன் பூமியிலிருக்கும் பெண்டாட்டிக்கு மாதாமாதம் சால்வைப் படம் அனுப்புகிறவன். இந்த மாதம் படம் போகாததால், வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களா என்று அவள் கேட்டு எழுதியிருந்தாள். பனிவெட்டிகள் சங்கத்தில் இதைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். ஜெபக்கனி அந்தப் பக்கமே போகவில்லை.

பிச்சைமணி எழுந்து நடமாடியதும் நேராக அன்வர்தீன் அறைக்குப் போனான். நன்றி சொல்லத்தான் போகிறான் என்று ஜெபக்கனியும் கூடப் போனாள்.

"தம்பி, அந்தப் படியத் திரும்பப் போடணும்."

"எந்தப் படி அண்ணாச்சி?"

"சால்வைதான். அன்னைக்கு எனக்குப் போடாம விட்டீரு. பயலுவ எல்லாம் கேலி பேசுதானுவ, சால்வை இல்லாம வந்த மொத ஆளுன்னு."

"நீங்க செத்திருப்பீங்க அண்ணாச்சி!"

"சாகலல்லா?"

அன்வர்தீன் ஜெபக்கனியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். "சரி, போடுதேன்" என்றான் அவன். "ஆனா காத்து நெறஞ்ச பொறவு போடுதேன்."

"அது என்ன மரியாத? வந்த காலோட போடணும். சங்கத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. எம் பேரு மொதல்ல இருக்கு."

அடுத்த கப்பல் வந்தது. எடை கூடிப்போனதால் காப்புடை ஒட்டுகளைப் பூமியிலேயே இறக்கி வைத்துவிட்டார்களாம். புதுச் சால்வைகள் வந்திருந்தன. ஜரிகை நல்ல அகலம்.

அன்வர்தீன் சால்வைப் படியைப் பழையபடி காற்றுக்கு முன்னால் எழுதிவிட்டான். முதல் சால்வை பிச்சைமணிக்கு என்று சங்கம் முடிவுசெய்தது. அன்றைக்கு உள்கதவுக் கண்ணாடியருகே கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அவன் பழைய ஒட்டுப் போட்ட காப்புடையோடு நடுவறைக்குள் வந்தான். கதவு சாத்தியது. கைப்பொறி சால்வையைப் போர்த்தியது. கூட்டம் கைதட்டியது. ஜெபக்கனியின் முன்னால், அவன் குப்பியின் முள் லேசாக நடுங்கி, இறங்க ஆரம்பித்தது.

"ஏங்க, ஒட்டு விட்டுப்போச்சு. படம் விழுந்தாச்சு. அவசரப் பொத்தான அமுக்கிக் காத்து விடுதேன்."

"இரு, விடாத" என்றான் பிச்சைமணி. "மூஞ்சி தெரியுத மாதிரி விழுந்துச்சான்னு பாரு. இல்லன்னா இன்னொருக்கப் போத்தச் சொல்லு."