ஏழாம் கூண்டின் மரத்தூள்

ஏழாம் கூண்டில் எலி இல்லை. இருந்தும் அதில் பரப்பிய மரத்தூள் மஞ்சளாகியிருந்தது.

"நேத்துதான் சார் மாத்தினேன்," என்றார் கூண்டு கழுவும் ஊழியர். "முந்தாநாளும் மாத்தினேன். எனக்கு வேலை பத்தலைன்னு யாரோ விளையாடுறாங்க போல."

விஞ்ஞானி ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். ஈரமாக இருந்தது. எலி உள்ளே இருந்திருந்தால்கூட இவ்வளவு மஞ்சளாக ஆகக் கூடாது. பழைய ரத்த அணுக்கள் உடையும்போது ஒரு மஞ்சள் நிறமி மிஞ்சும். அது தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதன் மேல் துளிச் சர்க்கரையை ஒட்டிவிடும்; பிறகு அது கரைந்து பித்தத்தோடு வெளியே போய்விடும். அப்படி ஒட்டுகிற நொதி இந்த எலிகளுக்குப் பிறவியிலேயே கிடையாது. அதனால் மஞ்சள் உடம்புக்குள்ளேயே தங்கும். காதில், பாதத்தில், கடைசியில் மூளையில். சிறுநீரில் மட்டும் வராது.

அவருடைய மகளுக்கும் அந்த நொதி இல்லை. ஒன்பது வயது. தினமும் பத்து மணி நேரம் நீல விளக்குகளின் கீழ் படுத்துக் கிடப்பாள். நீல ஒளி தோலுக்குள் புகுந்து அந்த நிறமியின் உருவத்தைக் கொஞ்சம் முறுக்கிவிடும். முறுக்கியது சர்க்கரை இல்லாமலே வெளியேறிவிடும். அந்தச் சின்ன முறுக்கலை நினைத்தால் அவருக்கு இன்றும் வியப்புதான். ஆனால் பிள்ளை வளர வளரத் தோல் தடிக்கும். ஒளி தோற்றுக்கொண்டே வரும்.

ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்தவள், காதில் அடையாளம் வெட்டிய எட்டு எலிகளையும் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாரும் என் தம்பிங்கதானேப்பா?" என்றாள். ஏழாவதைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது. வலது காதின் நடுவே ஒரு துளை, விளிம்பில் இரண்டு வெட்டு.

அவர் உருவாக்கிய புது மருந்தை ஊசியில் ஏற்றியதும் எட்டு எலிகளின் காதுகளும் வெளுத்தன. இருபத்தோராம் நாள் ஏழாவதுக்கு மட்டும் மஞ்சள் திரும்பியது. இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு அதன் தலை முதுகைத் தொடும் அளவுக்குப் பின்னால் வளைந்தது. சாயங்காலத்துக்குள் செத்துப்போனது.

'சண்டையில் காயம். ஆய்வில் சேர்க்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதினார். கூண்டுக்கு ஒரு எலிதான். சண்டை போட அங்கே இன்னொன்று இல்லை. யாரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரியால் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. முதல் ஊசி மகளுக்கு. இரண்டே வாரத்தில் நீல விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

இன்று இருபத்தோராம் நாள்.

பன்னிரண்டு அடித்ததும் எலி அறையின் விளக்குகள் தாமாக அணைந்தன. எலிகள் இருட்டில்தான் விழித்திருக்கும், மனிதர்களோ பகலில்தான் வேலைக்கு வருவார்கள். அதனால் இந்த அறைக்கு நண்பகல்தான் இரவு. மூலையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிய, மரத்தூளும் பழைய சோப்பும் கலந்த வாடைக்கு நடுவே ஏழாம் கூண்டிலிருந்து ஒரு சத்தத்தை அவர் கேட்டார். சரசரவென்று. ஒரே சீராக. வட்டமாக. மற்ற கூண்டுகளில் அசைவே இல்லை.

போன் அடித்தது. மனைவி.

"எலி டாக்டர், சாப்பிட்டாச்சா? இங்க உங்க மக கூத்தைக் கேளுங்க. காலையிலேர்ந்து ஹால்ல சுத்திக்கிட்டே இருக்கா. தலை சுத்தும்டின்னா கேட்க மாட்டேங்கிறா."

"எந்தப் பக்கமா சுத்துறா?"

"இதென்ன கேள்வி? இடப்பக்கமா."

"ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய்க் கண்ணைப் பாரு."

காலடிச் சத்தம். ஜன்னல் திரை விலகும் சத்தம்.

"என்னங்க... நேத்து நல்லாத்தானே இருந்தா?"

"நீல விளக்கைப் போடு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இதோ வர்றேன்."

அவர் வீடு சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. அறை முழுக்க நீலம். மகள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள், கண்களின் மேல் கறுப்புத் துணி. அந்த ஒளியில் மஞ்சள் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் விளக்கை அணைக்க வேண்டும். அவர் கை சுவிட்சில் நின்றது.

"அப்பா."

"என்னடா கண்ணு?"

"தம்பி யார்கூடப்பா சண்டை போட்டான்?"

வீட்டில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுப்பா. அவன் தனியாத்தானே இருந்தான்?"

விளக்கை அணைத்தார். பகல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

கழுத்து மஞ்சள். உள்ளங்கை மஞ்சள். தலை மெல்லப் பின்னால் வளைந்தது. இன்னும். இன்னும். முடி சரிந்து விலகியது.

வலது காது.

விளிம்பில் இரண்டு வெட்டு. நடுவே ஒரு துளை. ரத்தம் இல்லை. என்றோ ஆறிப்போன துளை.

அதன் வழியே தலையணை தெரிந்தது. தலையணை மேல் ஒட்டியிருந்த மரத்தூளும்.